பெட்ரெல் தெரிந்தால் போதுமா?

எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். பெட்ரோலியப் பொறியியல் படிக்கும் ஜூனியர் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான்: "அண்ணா, பெட்ரெல் கோர்ஸ் சேர்ந்துடட்டுமா? அது தெரியலைன்னா வேலையே கிடைக்காதாமே!"

(பெட்ரோல் இல்லைங்க, பெட்ரெல். நார்வேயில் டெக்னோகைட் என்ற நிறுவனம் உருவாக்கி, 2002ல் ஷ்லும்பெர்ஜே வாங்கிய மென்பொருள்.)

"எந்த ரிசர்வாயருக்குடா?" என்றேன். முழித்தான்.

இங்கேதான் கோளாறு. பூமிக்கடியில் பாறைத் துளைகளுக்குள் எண்ணெய் தேங்கி நிற்கும் அடுக்குதான் ரிசர்வாயர். அதைக் கணினியில் பல்லாயிரம் கட்டங்களாக வெட்டி, கிணறு போட்டால் எண்ணெய் எப்படி நகரும் என்று கணக்குப் போடுகிறோம். பாறையின் வடிவத்தை வரைவது ஒரு வேலை. அதில் பெட்ரெல் கெட்டிக்காரன். ஓட்டத்தைக் கணக்கிடுவது வேறு வேலை. அதற்கு எக்லிப்ஸ் மாதிரி சிமுலேட்டர் வேண்டும். அதிலும், சாதாரண எண்ணெயைத் தண்ணீர் செலுத்தித் தள்ளுவதற்கு பிளாக் ஆயில் கணக்கு போதும். கேஸ் கண்டன்சேட் என்றால் மீத்தேன், புரோப்பேன் என ஒவ்வொரு கூறையும் தனியாகப் பார்க்கும் காம்போசிஷனல் கணக்கு வேண்டும். கூழ் போன்ற கன எண்ணெயை நீராவியால் இளக்குவதென்றால், கனடாவின் சி.எம்.ஜி. தரும் ஸ்டார்ஸ் மாதிரி வெப்பத்தையும் சேர்த்துப் பார்ப்பது வேண்டும்.

முதலில் பாறையும் திரவமும்; அப்புறம்தான் மென்பொருள். நாம் தலைகீழாக நிற்கிறோம்.

"பெரிய கம்பெனிகள் அதைத்தானே வைத்திருக்கின்றன?" என்பீர்கள். சரி. அவர்களிடம் பணம் இருக்கிறது, கூப்பிட்டால் உதவிக்கு ஆள் வரும். உங்களுக்கு? கிராக் செய்த காப்பியும், பட்டன் அழுத்தக் கற்றுத்தரும் சான்றிதழும்தானே!

ஓ.பி.எம். ஃப்ளோ என்று ஒரு சிமுலேட்டர் இருக்கிறது. இலவசம், மூல நிரலே திறந்து கிடக்கிறது. எக்லிப்ஸ் வடிவக் கோப்புகளைப் படிக்கும். நார்வேயின் நோர்ன் வயல் மாடலும் பொதுவில் கிடைக்கிறது. முடிவைப் படமாகப் பார்க்க ரெஸ்இன்சைட், அதுவும் இலவசம். பளபளப்பு குறைவுதான், எல்லா வேலைக்கும் போதாதுதான். ஆனால் விடை எப்படி வந்தது என்று உள்ளே புகுந்து பார்க்கலாம்.

விற்க வருபவரிடம் வண்ணப்படம் கேட்காதீர்கள். 2001ல் வந்த எஸ்.பி.இ. 10 சோதனைக் கணக்கை, 60×220×85, அதாவது 11,22,000 கட்டங்கள், ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அங்கே சாயம் வெளுக்கும்.

இன்னொன்று. பழைய உற்பத்திக் கணக்கோடு ஒத்துப்போகும் மாடல் ஒன்றல்ல, பல. ஒன்றை மட்டும் நம்பிக் கிணறு போட்டால் கோடிகள் மண்ணுக்குள் போகும். லைசென்ஸ் ஒன்றுதான் இருக்கிறது என்று ஒரே மாடலோடு உட்கார்ந்திருப்பதைவிட, சுமாரான மென்பொருளில் நூறு மாடல் ஓட்டிப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

தம்பி, கோர்ஸ் பணத்தை அப்பாவிடமே திருப்பிக் கொடு. 1856ல் டார்சி சொன்ன விதியை ஒழுங்காகப் படி. பட்டன்களை வேலைக்குப் போனபின் கற்றுக்கொள்ளலாம். விடை தப்பு என்று கண்டுபிடிக்கும் அறிவை எந்த மென்பொருளும் உனக்கு விற்காது.