செல்போனுக்குள் வரும் மாறுவேடம்!

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழி, ஜடாயுவின் ஊர். சீதையைக் காக்கப் போராடி உயிர் விட்ட ஜடாயுவுக்கு இராமபிரான் இறுதிக் கடன் செய்த இடம் இது என்கிறது தல வரலாறு. இராவணன் அன்று வாளோடு சீதையின் முன் வரவில்லை. துறவி வேடத்தில் வந்தான்.

இன்று வேடதாரி செல்போனில் வருகிறான்.

"பி.எம். கிசான் உதவித்தொகை வேண்டுமா?" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். கூடவே ஒரு கோப்பு இருக்கும். அதைத் தொட்டு அனுமதி கொடுத்தால் ஒரு செயலி செல்போனில் ஏறிவிடும். வங்கி அனுப்பும் ரகசிய எண்ணை அது திருடனுக்கு அனுப்பும். பணம் பறிபோகும். 2024-ல் தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவு போலீசார் இதுபற்றி எச்சரித்தனர்.

ஏமாறுவது ஏழை விவசாயி மட்டுமா? இல்லை!

கணக்கரின் தவறு

2021 டிசம்பரில் பெரிய கம்பெனிகளே கலங்கின. காரணம், "லாக்4ஜே" என்ற மென்பொருள். கம்ப்யூட்டரில் நடப்பதைப் பதிவேட்டில் எழுதுவதுதான் அதன் வேலை.

ஒரு கணக்கர் வருவோரின் பெயரை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் பெயருக்குப் பதில், "இன்ன வீட்டுக்குப் போ. அங்கே தரும் சீட்டில் உள்ளபடி செய்" என்கிறான். கணக்கர் எழுதியதோடு நிற்காமல், போய் அப்படியே செய்கிறார்! லாக்4ஜே செய்ததும் இதுதான். முன்பின் தெரியாத இடத்திலிருந்து கட்டளை வாங்கி நிறைவேற்றியது. அந்த ஓட்டைக்கு அபாய மதிப்பெண் 10-க்கு 10.

மூன்று காவல்கள்

வெளியிலிருந்து எதையும் வாங்காமல் இருக்க முடியாது. செல்போனைப் புதுப்பிக்கும் புரோகிராம்கூட வெளியிலிருந்துதான் வருகிறது. ஆகவே காவல் தேவை.

முதல் காவல், இடம். தெரியாத இடத்துச் செயலியை ஆண்ட்ராய்டு செல்போன் தடுக்கும். நாம் அனுமதித்தால்தான் உள்ளே விடும்.

இரண்டாவது, முத்திரை. செயலியை நடுவில் யாராவது திருத்தினால், செய்தவரின் மின்னணு முத்திரை பொருந்தாது. ஆனால் திருடனும் தன் செயலிக்கு முத்திரை குத்தலாம். யாருடைய முத்திரை என்பதே முக்கியம்.

மூன்றாவது, அளவான அதிகாரம். உதவித்தொகை தரும் செயலிக்கு நம் குறுஞ்செய்திகளைப் படிக்கும் உரிமை எதற்கு? மறுத்துவிடுங்கள்.

லாக்4ஜேயைத் திருத்தியவர்கள், அது தானாக வெளியே போய்க் கட்டளை வாங்கும் வழக்கத்தை நிறுத்தினார்கள். அது மென்பொருள் எழுதுவோரின் கடமை. "அனுமதி" என்ற பொத்தானைத் தொடுமுன் யோசிப்பது நம் கடமை.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தாமதம் செய்தால், போன பணத்தைப் பிடிப்பது கடினம்.