காங்கோவுக்கு யாரும் மார்க் போடல

யானை படம் வரையும் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. தும்பிக்கையில் பிரஷ், பேப்பரில் பூ பிடிச்ச இன்னொரு யானை. அடுத்த தடவை பாகன் எங்கே நிக்கிறார்னு பாருங்க. காதுப் பக்கத்தில்! தாய்லாந்தின் இந்தக் காட்சிகளில் காதை இழுத்து இழுத்துத்தான் கோடு போட வைக்கிறாங்க.

1950-களில் லண்டன் மிருகக்காட்சிசாலையில் இருந்த காங்கோ என்ற சிம்பன்சியின் கதை வேற. டெஸ்மண்ட் மோரிஸ் பென்சிலும் அட்டையும் கொடுத்தார். எதை வரையணும்னு சொல்லல. சுமார் 400 படம் வந்தது. பாதியில் பேப்பரைப் பிடுங்கினா கத்துமாம். முடிஞ்சதுன்னு தோணிட்டா பிரஷைத் தொடாதாம். சுவரில் கிரேயான் கிறுக்குற நம்ம வீட்டு வாண்டும் அப்படித்தானே?

இன்னொரு சிம்பன்சிக்கு, வரைஞ்சா தீனின்னு பழக்கினாங்க. ஏனோதானோன்னு நாலு கோடு இழுத்துட்டு கையை நீட்ட ஆரம்பிச்சிடுச்சு. 1973-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒண்ணு, படம் வரைய ஆசைப்படுற மழலையர் பள்ளிக் குழந்தைகளைப் பத்தினது. வரைஞ்சா பரிசுன்னு முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், பிறகு சும்மா விட்டப்போ மத்தவங்களில் பாதி நேரம்தான் வரைஞ்சாங்க. சொல்லாம திடீர்னு பரிசு வாங்கின பிள்ளைகளுக்கு ஆர்வம் குறையவே இல்ல.

டிராயிங் கிளாஸ், கலரிங் போட்டி, கப்புன்னு நாம குழந்தைங்க கிட்ட பார்க்கிறதும் பாகன் வேலைதான். ரெண்டு மலை, நடுவுல சூரியன், ஒரு வீடு: நானும் அதை வரைஞ்சு பரிசு வாங்கினவன்தான். இப்போ ரெக்கார்டு நோட்டைத் தவிர எதிலும் வரையறதில்ல.

போன வாரம் அக்கா பொண்ணு ஒரு கிறுக்கலைக் கொண்டு வந்து காட்டினா. என்னதுன்னு கேட்கல. இன்னொரு பேப்பர் கொடுத்தேன்.