எந்த ஊசி நல்ல ஊசி?



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலி முடிந்த பின், நம் சின்னசேலத்து அரிசி ஆலையொன்றில் கணக்கெழுதும் அன்பர் ஒருவர் பங்கு இல்லத்துத் திண்ணையில் வந்தமர்ந்தார். கோடை வெயிலிலும் முழுக்கைச் சட்டை அணிபவர். பதினோரு ஆண்டுகளாகச் சொரியாசிஸ் என்னும் தோல் நோய் அவரை வாட்டி வருகிறது. முழங்கை, முதுகு, தலை எங்கும் சிவந்த தடிப்பு. அதன்மேல் வெள்ளி நிறச் செதில். இரண்டு ஆண்டுகளாக விரல் மூட்டுகளும் வீங்குகின்றன. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மூன்று ஊசிமருந்துகளின் பெயர்கள்; எதிரே விலை. "சாமி, இதில் எது நல்லதென்று நீங்களே சொல்லுங்கள். கடன் வாங்குவதென்றால் ஒரு தடவைதான் வாங்க முடியும்" என்றார்.

நான் மருத்துவன் அல்லேன். ஆகவே அவரோடு அவருடைய தோல் மருத்துவரிடமே சென்றேன், கேட்டேன், பின்பு படித்தும் பார்த்தேன். அறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்வதில் தவறில்லை என நினைக்கிறேன். இந்நோயுள்ளோர் நம் குடும்பங்களில் ஒருவரோ இருவரோ அல்லர்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது ஒட்டுவாரொட்டி நோய் அன்று. கோவிலில் அவர் அமரும் பாயில் அருகே அமர்வதால் எவருக்கும் எதுவும் வந்துவிடாது. லேவியர் நூலின் 13-ஆம் அதிகாரத்தில் தொழுநோய் என மொழிபெயர்க்கப்படும் எபிரேயச் சொல்கூடப் பலவகைத் தோல் நோய்களைக் குறித்த பொதுச்சொல் என்றே வேத அறிஞர் கூறுவர். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல், வழி தவறி உடலையே தாக்குவதால் விளைவது சொரியாசிஸ். பல நாட்களில் வளர்ந்து உதிர வேண்டிய தோல், சில நாட்களிலேயே வளர்ந்து குவிகிறது. அதே கோளாறு சிலருக்கு மூட்டுகளிலும், முதுகெலும்பிலும் வீக்கமாக வெளிப்படுகிறது.

புதிய ஊசிகளை உயிரியல் மருந்துகள் என்பர். இவை வேதிப்பொருள்களைக் கலந்து செய்பவை அல்ல. பெரும் கலங்களில் உயிரணுக்களை வளர்த்து, அவற்றைக் கொண்டு செய்விக்கும் புரதங்கள். விழுங்கினால் வயிற்றில் செரித்துவிடும், ஆதலால்தான் ஊசி. உடலில் அழற்சியைத் தூண்டும் ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டும் தேடிப் பிடித்து முடக்குவது இவற்றின் வேலை.

எந்தப் பொருளை முடக்குகிறது என்பதைக் கொண்டே இவற்றைப் பிரிக்கின்றனர். டி.என்.எஃப். என்னும் பொருளை முடக்குபவை மூத்தவை: இன்ஃப்ளிக்சிமாப், எட்டனர்செப்ட், அடலிமுமாப். மூட்டுக்கும் தோலுக்கும் ஒருங்கே பயன்படுபவை. அடலிமுமாபை ஒத்த மருந்தை உலகிலேயே முதன்முதலாக 2014-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தது நம் நாட்டு சைடஸ் காடிலா நிறுவனம் என்பது பலருக்குத் தெரியாது. அதற்கு முந்திய ஆண்டே பெங்களூரின் பயோகான் நிறுவனம், கியூபா நாட்டு ஆய்வகத்தில் பிறந்த இட்டோலிசுமாபைச் சொரியாசிசுக்கென வெளியிட்டிருந்தது. அடுத்து வந்த உஸ்டெகினுமாப், தொடக்கத்தில் இரண்டு ஊசிகளுக்குப் பின், 12 வாரங்களுக்கு ஒருமுறை போட்டால் போதும். இன்டர்லூகின் 17 என்பதை முடக்கும் செகுகினுமாப் விரைந்து வேலை செய்யும். ஆனால் வாயில் பூஞ்சைப் புண் வரலாம், குரோன் நோய் போன்ற குடல் அழற்சி உள்ளவர்களுக்கு ஏற்றதன்று. இன்டர்லூகின் 23-ஐ முடக்கும் குசெல்குமாப், ரிசாங்கிசுமாப் ஆகியவை பின்னர் வந்தவை.

இவற்றுள் எது மேல்? எதிரெதிரே வைத்து ஒப்பிட்ட சோதனைகள் உண்டு. 2015-இல் வெளியான ஒன்றில், நோய் பத்தில் ஒன்பது பங்கு மறைந்தவர்கள் 16-ஆம் வாரத்தில் செகுகினுமாப் பெற்ற நூறு பேரில் 79. உஸ்டெகினுமாப் பெற்ற நூறு பேரில் 58. செகுகினுமாபே வென்றது என்று எண்ணுகிறீர்கள் அல்லவா? 2019-இல் அதையே குசெல்குமாபுடன் ஒப்பிட்டனர். முதல் வாரங்களில் செகுகினுமாப் முந்தியது. 48-ஆம் வாரத்தில் எண்ணியபோதோ குசெல்குமாபுக்கு 84, செகுகினுமாபுக்கு 70. 2020-இல் வந்த மற்றொரு சோதனை மூட்டுவீக்கம் பற்றியது. அங்கே செகுகினுமாபுக்கும் பழைய அடலிமுமாபுக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. எந்த உறுப்பைப் பார்த்தார்கள், எந்த வாரத்தில் எண்ணினார்கள் என்று கேளாமல் வெற்றிதோல்வி பேசுவதில் பயனில்லை. விரல் மூட்டு வீங்கிய நம் கணக்கருக்கு, தோலை மிகுதியாகத் தெளிவிக்கும் விலையுயர்ந்த ஊசிதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆனால் மருத்துவர் இவற்றையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றைக் கேட்டார்: "வீட்டில் யாருக்காவது சயரோகம் இருந்ததா?" அன்பர் சற்றுத் தயங்கினார். அவருடைய தகப்பனார் மறைந்தது அந்நோயால்தான். அதைத் தாளில் எவரும் எழுதித் தரவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டில் நடந்ததை வெளியே சொல்ல நமக்கு இன்றும் கூச்சம்.

காசநோய்க் கிருமி பலருடைய உடலில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். உடலின் எதிர்ப்பாற்றல் அதைச் சுவரெழுப்பி அடைத்து வைத்திருக்கிறது. அச்சுவரைத் தாங்கி நிற்பவற்றுள் ஒன்று டி.என்.எஃப். ஊசி அதை முடக்கினால் கிருமி விழித்தெழும். 2001-ஆம் ஆண்டில், இன்ஃப்ளிக்சிமாப் பெற்றவர்களுள் 70 பேருக்குக் காசநோய் கண்டதாக அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் அறிக்கை வந்தது; அதுமுதல்தான் உலகம் எச்சரிக்கையடைந்தது. காசநோய் அருகியுள்ள நாடுகளிலேயே அப்படியென்றால், நம் நாட்டில் இந்தக் கேள்வி விலைக்கும் முன்னால் வர வேண்டாமா? பிந்திய வகைகளில் இவ்வாபத்து குறைவு. எனினும் எதற்கும் முன்னதாக மார்புப் படமும், மேன்டோ தோல் சோதனையோ அதற்கு ஈடான இரத்தச் சோதனையோ செய்தாக வேண்டும். மஞ்சட்காமாலைக் கிருமிகளுக்கான சோதனையும் உண்டு.

அன்பருக்கு மேன்டோ சோதனையில் கை தடித்தது. மார்புப் படம் தெளிவாக இருந்தது. அதாவது நோயில்லை, உறங்கும் கிருமி உண்டு. ஆகவே முதலில் ஐசோநியாசிட் மாத்திரை. ஒரு மாதமேனும் கழிந்த பின்பே ஊசி, அதன் பின்னும் மாத்திரை தொடரும் என்றார் மருத்துவர். அன்பருக்குக் கோபம். "காசோடு வந்தவனைக் காத்திருக்கச் சொல்கிறாரே!" என்று பேருந்தில் வழியெல்லாம் முணுமுணுத்தார். எனக்கோ அந்த மருத்துவர்மேல் மதிப்பு கூடிற்று.

அவர் எச்சரித்த வேறு இரண்டையும் எழுதிவிடுகிறேன். சொரியாசிசுக்கு நெடுநாளாக உள்ள மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரம் ஒருமுறை மட்டுமே உண்ண வேண்டியது. நாள்தோறும் உண்டு உயிருக்கே மோசம் போனவர் உண்டு. மலிவான இம்மருந்தில் பலர் குணம் காண்கின்றனர்; அது பலிக்காதபோதே பெரும்பாலும் உயிரியல் ஊசி. அடுத்தது, சந்தையில் "மூன்றே நாளில் குணம்" என்று போடப்படும் ஸ்டீராய்டு ஊசி. தோல் உடனே தெளியும். நிறுத்தியதும் சீழ்க்கொப்புளங்களாகத் திரும்பி வந்து மருத்துவமனையில் படுக்க வைத்துவிடும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருவோரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அன்பர் தேர்ந்தது, மருத்துவரின் சொற்படி, நம் நாட்டில் செய்யப்படும் அடலிமுமாப். முதலில் இரட்டை அளவு, பின்பு இரு வாரத்துக்கு ஒரு ஊசி. வயிற்றிலோ தொடையிலோ தாமே போட்டுக்கொள்ளலாம். அதை 2 முதல் 8 பாகை வெப்பத்தில் வைத்திருக்க வேண்டும், உறையவும் கூடாது. அவர் வீட்டில் குளிர்பதனப் பெட்டி இல்லை. பங்கு இல்லத்துப் பெட்டியில் ஓரிடம் கேட்டிருக்கிறார். முதல் ஊசி அடுத்த மாதம் வருகிறது. அதற்குள் சமையற்காரரிடம் சொல்லி மீன்குழம்புச் சட்டியைக் கீழ்த்தட்டுக்கு இறக்க வேண்டும்.