புகையும் சோடாச் சாம்பலும்

சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு வாணிபம் நடத்திவரும் அண்ணாச்சி ஒருவரை இப்பகுதியின் வாசகர்களிற் பலர் அறிந்திருப்பர். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளக் குடும்பத்திற் பிறந்தவர். திருவனந்தபுரத்திற்குக் குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நம் இல்லத்திற்கு அவர் வந்தால் பெரும்பாலும் ரயில் நேரம் விசாரிக்கவே வருவார். ரயில்வே குமாஸ்தாவின் வீட்டுக்கு வேறு எதற்காக ஒருவர் வரவேண்டும்! ஆனால் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தவர், காப்பியைக் கையில் வாங்கியதும் வாங்காததுமாக வேறொன்றைக் கேட்டார்.

"தம்பி, நம் ஊரிலே புகையைப் பிடித்துச் சோடா ஆக்குகிற வித்தை ஒன்று நடந்ததாமே. பேரன் சொல்லுகிறான். மெய்தானா?"

பேரனும் உடன் வந்திருந்தான். பாலிடெக்னிக்கில் ரசாயனத் தொழில் பயிலும் பிள்ளை. தாத்தா தன் சொல்லை நம்பாமல் நம்மிடம் சாட்சி கேட்க வந்ததில் அவனுக்குச் சிறிது மனத்தாங்கல் என்பது முகத்திலேயே தெரிந்தது. நம்முடைய படிப்போ பள்ளி இறுதி வகுப்போடு நின்றுவிட்டது. எனினும் இது மெய் என்பதை நாம் அறிவோம். அதை அண்ணாச்சியிடம் சொன்ன விதத்திலேயே வாசக அன்பர்களுக்கும் சொல்லலாமென்று துணிகிறோம்.

அண்ணாச்சி இதைக் கேட்டதற்கு வெறும் வேடிக்கை காரணமன்று. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மவர் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோயிற்று. தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துச் சென்றுவிட, இருப்புப்பாதை அந்தரத்தில் தொங்கியது. சுமார் 800 பிரயாணிகள் அங்கே அகப்பட்டுக்கொண்டனர். அன்றிரவு நம் அலுவலகத்துத் தொலைபேசி ஓயவில்லை. அதே வெள்ளத்தில் அண்ணாச்சியின் தம்பியுடைய உப்பளம் வரப்பிழந்தது. அம்பாரமாகக் குவித்திருந்த உப்பு கரைந்து கடலோடு போயிற்று. குடும்பத்தில் பெண்ணுக்கு மணம் பேசியிருந்த வேளை அது.

ஒரு மழையைச் சுட்டி 'இது புகையின் குற்றம்' என்று தீர்ப்புரைப்பது எளிதன்று. ஆனால் காற்றின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அது தாங்கும் நீராவி நூற்றுக்கு ஏழு பங்கு அளவு கூடும் என்பது இயற்கை நியதி. அந்த வெப்பத்தை ஏற்றுவதில் முதன்மையானது நாம் எரிக்கும் நிலக்கரியினின்றும் எண்ணெயினின்றும் எழும் கரியமில வாயு. 12 கிலோ கரி எரிந்தால் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி 44 கிலோ கரியமில வாயு ஆகிறது. எரித்ததைக் காட்டிலும் எழுவதன் எடை மிகுதி. இதைக் கேட்டபோது அண்ணாச்சி தராசு பிடிக்கும் மனிதருக்கே உரிய முறையில் புருவத்தை நெரித்தார்.

வாயுவைப் பிடிப்பது எவ்வாறு? நம் பாட்டிமாரின் சுண்ணாம்புக் கலயத்தை நினைவுகூர்வோம். இரண்டு நாள் மூடாமல் வைத்தால் சுண்ணாம்பின்மேல் வெள்ளை ஆடை படியும். காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சுண்ணாம்பு பிடித்துக்கொண்டதன் அடையாளம் அது. ஆக, பிடிக்கும் வித்தை வெற்றிலைச் செல்லத்திலேயே இருக்கிறது! ஆனால் சுண்ணாம்பு ஒருமுறை பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது. விடுவிக்க வேண்டுமானால் காளவாசலிலிட்டு 900 டிகிரி அளவிற்குச் சுடவேண்டும்.

தொழிற்சாலைக்கு வேண்டியது பிடிக்கவும் தெரிந்து, சொன்னவுடன் விடவும் தெரிந்த ஒரு பொருள். அம்மோனியாவின் இனத்தைச் சேர்ந்த அமைன் என்னும் திரவங்கள் அத்தகையவை. அமெரிக்காவில் பாட்டம்ஸ் என்பவர் இதற்கான காப்புரிமையை 1930ஆம் ஆண்டிலேயே பெற்றுவிட்டார். பூமியிலிருந்து எடுக்கும் எரிவாயுவைத் தூய்மை செய்யவும், நீர்மூழ்கிக் கப்பலுக்குள் மாலுமிகள் விடும் மூச்சுக்காற்றைச் சுத்திகரிக்கவும் அமைன் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

இதன் நடைமுறையை நம் தொழிலைக் கொண்டே விளக்கினோம். அமைன் கலந்த நீரைச் சரக்கு வாகன்கள் என்று கொள்க. ஓர் உயரமான கோபுரத்தில் புகை கீழிருந்து மேலே ஏறுகிறது. கரைசல் மேலிருந்து கீழே சொட்டுகிறது. நிலக்கரிப் புகையில் எட்டில் ஒரு பங்கு அளவே கரியமில வாயு. எஞ்சியதில் பெரும்பகுதி நைட்ரஜன். இந்தக் கூட்டத்தினிடையே தனக்குரிய சரக்கை மட்டும் அமைன் ஏற்றிக்கொள்ளுகிறது. இது ஏற்றும் நிலையம். இங்கே சூடு 40 டிகிரியை ஒட்டி இருக்கவேண்டும். பாரம் ஏற்றிய கரைசல் அடுத்த கோபுரத்திற்குச் செல்லுகிறது. அங்கே நீராவியால் 120 டிகிரி வரையில் சூடேற்றியதும் பிடி தளர்ந்து, கரியமில வாயு தனியே பிரிகிறது. இது இறக்கும் நிலையம். காலியான வாகன்கள் மீண்டும் முதற்கோபுரத்திற்குத் திரும்புகின்றன. இவ்வண்ணம் இரவும் பகலும் ஒரே கரைசல் சுற்றிச் சுற்றி வருகிறது.

"அப்படியானால் செலவு எங்கே?" என்றார் அண்ணாச்சி. வாணிபர் அல்லவா!

செலவெல்லாம் இறக்கும் நிலையத்தில்தான். பழைய முறையில் ஒரு டன் கரியமில வாயுவை இறக்க, ஒன்றரை டன் நீரைக் கொதிக்கவைத்து முற்றும் ஆவியாக்கும் அளவிற்கு வெப்பம் வேண்டும். ஒரு மின் நிலையம் தன் புகை முழுவதையும் இம்முறையிற் கழுவப் புகுந்தால், தான் ஆக்கும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவை இதற்கே இழக்க நேரும். அன்றியும், புகையிலுள்ள கந்தகமும் பிராணவாயுவும் அமைனைக் கெடுக்கும். கெட்ட அமைன் இரும்பை அரிக்கும். ஆதலால் புகையை முதலில் ஒருமுறை குளிப்பாட்டியே உள்ளே விடவேண்டும். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அறிந்திருந்த வித்தை புகைபோக்கிகளின் அருகே வராமல் நின்றது இதனாலேதான்.

இனித் தூத்துக்குடிக்கு வருவோம். அங்கே தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் என்னும் தொழிற்சாலை சோடாச் சாம்பல் செய்வது. கண்ணாடிக்கும் சலவைத் தூளுக்கும் இன்றியமையாத பொருள் அது. உப்புநீரில் அம்மோனியாவைக் கலந்து கரியமில வாயுவைச் செலுத்தினால், நம் வீட்டு ஆப்பசோடா அடியிற் படியும். அதைச் சுட்டால் சோடாச் சாம்பல். எஞ்சும் நீரிலிருந்து அம்மோனியம் குளோரைடு என்னும் உரமும் கிடைக்கும். உப்புக்கு அவ்வூரிற் பஞ்சமில்லை. கரியமில வாயுவே வேண்டியிருந்தது. 2016ஆம் ஆண்டு, தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்தே அதைப் பிரித்தெடுக்கும் அமைப்பை அத்தொழிற்சாலை நிறுவியது. ஆண்டுக்கு 60,000 டன் பிடிப்பதென்பது திட்டம். அரசாங்க மானியம் எதுவும் பெறாமல் இது நடந்தது என்பதால், 2017ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உலகப் பத்திரிகைகளெல்லாம் தூத்துக்குடியைப் பற்றி எழுதின. அத்தொழிற்சாலையின் நிர்வாக இயக்குநராயிருந்த இராமச்சந்திரன் கோபாலன், தாம் உலகைக் காக்கும் எண்ணத்தால் இதைச் செய்யவில்லையென்றும், தடையின்றிக் கரியமில வாயு கிடைக்கவேண்டுமென்றே செய்ததாகவும் ஒளிவுமறைவின்றிக் கூறினார். அந்த நேர்மை நமக்குப் பிடித்திருக்கிறது.

கரைசலை அளித்தவர்கள் அனிருத்த சர்மா, பிரதீக் பம்ப் என்னும் இரு இளைஞர்கள். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்றவர்கள். 2009ஆம் ஆண்டில் கார்பன் கிளீன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். அமைனை மேம்படுத்திய அவர்களுடைய கரைசலுக்கு வெப்பமும் குறைவாகத் தேவைப்பட்டது, இரும்பரிப்பும் குறைந்தது. பழைய முறையில் டன் ஒன்றுக்கு 60 முதல் 90 டாலர் வரை ஆகுமென்று கருதப்பட்டபோது, தங்கள் முறையில் 40 டாலருக்கு மேற்படாது என்பது அவர்கள் சொன்ன கணக்கு. ஆனால் இங்கே முதலிட ஆள் கிடைக்காமையால் அவர்கள் லண்டனுக்குச் சென்றனர். பிரிட்டிஷ் அரசாங்கம் உதவித்தொகை தந்து வரவேற்றது. பிழைப்பைத் தேடி ஊர் பெயர்ந்த நமக்கு இது புதிய கதையன்று. ஆயினும் கரக்பூரிற் கற்றது லண்டனைச் சுற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்ததை எண்ணும்போது, நேர்வழி இருக்கச் சுற்றுவழியில் சரக்கு அனுப்பியதைக் கண்ட குமாஸ்தாவைப்போல் நம் மனம் சற்றுக் குமைகிறது.

இவ்வளவும் சொல்லிமுடித்தபோது அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. "அப்படியானால் இனிக் கவலையில்லை" என்றார். இங்கேதான் நாம் அவரைச் சற்றுத் தடுக்கவேண்டியதாயிற்று.

60,000 டன் என்பது நம் கணக்கில் ஏறக்குறைய ஆயிரம் வாகன் பாரம். பெரிதுதான். ஆனால் அதே தூத்துக்குடியில் 500 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட அனல்மின் நிலையம் ஒன்று 2015ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. ஆயிரம் மெகாவாட் நிலக்கரி நிலையமொன்று முழு அளவில் ஓடினால் மணிக்கு 900 டன் அளவு கரியமில வாயுவை விடும். சோடாத் தொழிற்சாலை ஓராண்டு முழுவதும் பிடிப்பதை அது மூன்று நாட்களுக்குள் விட்டுவிடும். இதில் நமக்கென்ன என்று திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு கேட்பதற்குமில்லை. கேரளத்தில் நிலக்கரி அனல்மின் நிலையம் கிடையாது. தனக்கு வேண்டும் மின்சாரத்தில் பெரும்பகுதியை இம்மாநிலம் வெளியிலிருந்தே வாங்குகிறது. அந்தத் தூத்துக்குடி நிலையத்தின் மின்சாரத்திலும் கேரளத்திற்கு ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. விளக்கு இங்கே எரிகிறது. புகை அண்ணாச்சியின் தம்பி உப்பளத்திற்கு மேலே போகிறது.

அடுத்த வினாவை நாம் எழுப்புமுன் பேரன் எழுப்பிவிட்டான். "மாமா, பிடித்த வாயு சோடாச் சாம்பலுக்குள் போகிறது. அந்தச் சாம்பலைக் கண்ணாடி உலையில் மணலோடு உருக்கினால் வாயு மறுபடியும் வெளியே வந்துவிடாதா?"

வந்துவிடும். பிள்ளை கேட்டது நூற்றுக்கு நூறு சரி. உரத் தொழிற்சாலைகளிலும் இதே கதைதான். உத்தரப்பிரதேசத்தில் ஆவ்ன்லா, பூல்பூர் ஆகிய இடங்களில் இஃப்கோ நிறுவனம் 2006ஆம் ஆண்டிலேயே நாளொன்றுக்கு 450 டன் வீதம் புகையிலிருந்து பிடிக்கும் அமைப்புகளை நிறுவி, அவ்வாயுவை யூரியாவாக்கியது. யூரியா வயலில் விழுந்து கரைந்ததும் வாயு காற்றுக்கே திரும்புகிறது. நம் பார்சல் அலுவலகத்தில் ஒரு பொருளைக் கிடங்கில் வைப்பதும், வேறு வண்டியில் ஏற்றி அனுப்புவதும் வெவ்வேறு ஏட்டில் எழுதப்படும். இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதினால் தணிக்கையில் அகப்பட்டுக்கொள்வோம். தூத்துக்குடியிற் பிடித்தது அனுப்பிய சரக்கே அன்றி, வைத்த சரக்கு அன்று. வேறெங்கோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு உண்டாக்கியிருக்கவேண்டிய வாயு மிச்சப்படுமானால் அந்த அளவிற்கு இலாபமுண்டு, அதற்குமேல் இல்லை.

நார்வே நாட்டார் கிடங்கிலேயே வைக்கின்றனர். வடகடலில் ஸ்லைப்னர் என்னும் எரிவாயு வயலில், அமைனைக்கொண்டு பிரித்த கரியமில வாயுவை 1996 முதல் கடலடிக்கும் கீழே, உப்புநீர் ஊறிய மணற்பாறைக்குள் செலுத்தி வருகின்றனர். ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் வரையில் சென்றது. அங்கே காற்றில் விடும் வாயுவிற்கு அரசாங்கம் வரி விதித்தது. வரி கட்டுவதைக் காட்டிலும் புதைப்பது மலிவாயிற்று. கானடாவிலோ பவுண்டரி டாம் என்னும் நிலக்கரி மின் நிலையத்தில் 2014ஆம் ஆண்டு தொடங்கிய அமைப்பு, ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் பிடிப்பதாகச் சொல்லிப் பெரும்பாலும் அதை எட்டாமலே இருந்தது. அமைன் கெடுவதும் இயந்திரம் நிற்பதும் அங்கே ஓயாத தொல்லை.

நாம் பேசி நிறுத்தியபோது அண்ணாச்சியின் காப்பி ஆறிப்போயிருந்தது. சற்றுநேரம் ஒன்றும் பேசாமல், பேரனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீ இதிலே எதைப் படிக்கப்போகிறாய்? ஏற்றுகிறதையா, இறக்குகிறதையா?" என்று கேட்டார்.

"இறக்குகிறதை, தாத்தா. அங்கேதானே செலவு."

தாத்தாவுக்கு அந்த விடை உவப்பாயிருந்தது. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டவர், வாயிற்படியில் நின்று திரும்பி, "அது கிடக்கட்டும் தம்பி, உப்பளத்து வரப்பு போடுகிறதைப் பார்க்க அடுத்த வாரம் ஊருக்குப் போகவேண்டும். மணியாச்சியில் இறங்கி மாறுகிற மாதிரி எந்த வண்டி தோது?" என்றார்.