தண்ணீர் தருபவர்களுக்கும் ஒரு கட்டளை

நாகர்கோவிலில் கேத்தரின் பூத் மருத்துவமனையை நடத்திவரும் இரட்சணிய சேனை 1883 முதல் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. குவேக்கர்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே அதைக் கைவிட்டார்கள். ஆவியைப் பெற்றவருக்குத் தண்ணீர் எதற்கு என்று மனசாட்சியோடு கேட்டவர்கள் இவர்கள். கிறிஸ்து தன்னை அனுப்பியது சுவிசேஷம் சொல்லத்தான், ஞானஸ்நானம் கொடுக்க அல்ல என்று பவுலே கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறாரே என்பார்கள்.

ஆனால் கிறிஸ்பு, காயு, ஸ்தேவானின் வீட்டார் ஆகியோருக்குத் தான் ஞானஸ்நானம் கொடுத்ததை அதே பகுதியில் பவுல் சொல்கிறார். தலைவர்களின் பெயரால் பிரிந்து கிடந்த சபை மீதுதான் அவருக்குக் கோபம். செசரியாவில் யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டில் நடந்தது இன்னும் தெளிவு. அங்கே ஆவி முதலில் இறங்கிவிட்டது; அதன் பிறகுதான் பேதுரு தண்ணீரைக் கேட்கிறார், ஞானஸ்நானம் பெறும்படி கட்டளையும் இடுகிறார். ஆக, கட்டளை இன்றும் நிற்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்தக் கதை அங்கே முடியவில்லை. எருசலேமுக்குத் திரும்பிய பேதுருவை விசுவாசிகள் மடக்கியது, விருத்தசேதனமில்லாதவர்களோடு ஏன் பந்தியில் உட்கார்ந்தாய் என்று கேட்டுத்தான். தண்ணீர் கொடுத்தவர் சோற்றிலும் பங்கு கொண்டிருந்தார்.

நம் சபைகள் இந்தப் பாதியைத்தான் மறக்கின்றன. சென்னையில் இறையியல் கற்பித்த ஹெர்பர்ட் ஹோஃபர், ஞானஸ்நானம் பெறாமலே இயேசுவை வணங்கும் தமிழர்களை ஆராய்ந்து 1991இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்களில் பலர் பெண்கள். முழுக்கு எடுத்தால் கணவன் வீடு என்ன செய்யும், பிள்ளைகளுக்கு எங்கே சம்பந்தம் கிடைக்கும் என்ற அச்சம் அவர்களுக்கு. தலித் விசுவாசிக்கோ 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதி உரிமையே போய்விடும். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் சாதிச் சான்றிதழ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவருடைய ஞானஸ்நானத்தையும் கணக்கில் எடுத்துத்தான் கோரிக்கையை நிராகரித்தது.

இவ்வளவையும் இழந்து வருகிறவரை நாம் எதற்குள் அழைக்கிறோம்? கல்லறையில்கூடச் சாதி பிரித்து வைத்தவர்கள் நாம். திருச்சி மேலப்புதூர் கல்லறைச் சுவர் ஊரறிந்தது. முழுக்கு எடுக்கத் தயங்கும் பெண்ணைக் கீழ்ப்படியாதவள் என்று குற்றம்சாட்ட நமக்கு வாய் ஏது? மத்தேயுவின் கடைசி அதிகாரத்தில் ஞானஸ்நானம் கொடுக்கும்படி இயேசு சொன்னது, அனுப்பப்படுகிற பதினொரு பேரிடம். கட்டளையின் பாரம் முதலில் கொடுப்பவர் தலையில்தான்.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஞானப்பெற்றோர் முன்னால் நின்று பொறுப்பேற்கிறார்கள். வயதுவந்து வருகிறவருக்காகவும் இரண்டு குடும்பங்கள் எழுந்து நின்று, வேலை போனாலும் வீடு கைவிட்டாலும் நாங்கள் இருக்கிறோம், எங்கள் வீட்டிலேயே சம்பந்தமும் செய்வோம் என்று சபைக்கு முன்பாகச் சொல்லட்டும். அதன்பின் போதகர் அவரைத் தண்ணீருக்கு அழைக்கட்டும்.