அனுமதி என்னும் நாலெழுத்து
(மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை)



"நாலெழுத்து படிச்சிட்டு வா" என்று சொல்லித்தான் நம்மில் முக்கால்வாசிப் பேரை வீட்டில் அனுப்பி வைத்தார்கள். வந்த இடத்தில் மூன்று வருஷமாக நான் அதிகம் கேட்ட நாலெழுத்து 'அனுமதி'! அனுமதி வாங்கினியா? யாரைக் கேட்டு நோட்டீஸ் ஒட்டினே? மன்றக் கூட்டம் போடவும் அது வேண்டும், கண்காட்சி வைக்கவும் அது வேண்டும், பொங்கலுக்கு வாசலில் கோலம் போடவும் அது வேண்டும். நம் மலரில் கவிதை வரும், தன்னம்பிக்கைக் கட்டுரை வரும், துணுக்கு வரும். நான் கொஞ்சம் வறண்ட விஷயத்தை எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விதியே வேண்டாம் என்று சொல்கிற கட்சி இல்லை நான். மின்னியல் படிக்கிறவன் அப்படிச் சொல்லவும் முடியாது. 2021 ஆகஸ்டில் நம் விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்காக ரோட்டோரம் கட்சிக் கொடிக்கம்பம் நட்டார்கள். இரும்புக் கம்பம் மேலே போன மின்கம்பியில் பட்டு, வேலைக்கு வந்த 13 வயதுப் பையன் இறந்துபோனான். கம்பிக்கும் கம்பத்துக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று நமக்குப் பாடத்திலேயே இருக்கிறது. அந்தப் பையனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

இன்னொன்று, நம்மைப் போன்ற மாணவர்களே நடத்திய விழா. 2023 நவம்பர் 25, கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். சுருக்கமாக 'குசாட்' என்பார்கள். பொறியியல் மாணவர்களின் தொழில்நுட்ப விழாவில் அன்று சாயங்காலம் திறந்தவெளி அரங்கில் பாட்டுக் கச்சேரி. வாசலைத் தாண்டியதும் செங்குத்தாகக் கீழே இறங்கும் படிக்கட்டு. உள்ளே ஒரு கூட்டம், வெளியே காத்திருக்கிற ஒரு கூட்டம். மழை வந்தது. நனையாமல் இருக்க வெளியே நின்றவர்கள் முண்டியடித்து உள்ளே வர, முன்னால் இருந்தவர்கள் படியில் உருண்டார்கள். அவர்கள் மேல் மற்றவர்கள். நாலு பேர் செத்துப் போனார்கள். மூன்று பேர் அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள். நாலாவது ஆள் பாலக்காட்டுப் பக்கத்து இளைஞர், தொழில் எலக்ட்ரீஷியன். அறுபது பேருக்கு மேல் காயம்.

பேப்பரில் படித்தபோது என்னை உறுத்தியது இதுதான். போலீஸ் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டு, கல்லூரி முதல்வர் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்திருக்கிறார். கடிதம் போயிருக்கிறது, போலீஸ் வரவில்லை. அதற்கும் முன்பே, 2015-இல் திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரியில் ஓணம் கொண்டாட்டத்தின்போது ஜீப் மோதி ஒரு மாணவி இறந்து, கேரள அரசு கல்லூரி விழாக்களுக்குக் கட்டுப்பாடுகள் போட்டிருந்தது. ஆக விதியும் இருந்தது, கடிதமும் இருந்தது. படிக்கட்டு ஓரம் நின்று "ஒவ்வொருத்தராப் போங்க" என்று சொல்ல ஆள் இல்லை.

இதைப் படித்துவிட்டு நம் பெரியவர்கள் என்ன முடிவுக்கு வருவார்கள்? "பார்த்தியா, அதனாலதான் எதுவுமே வேண்டாம்கிறோம்." இந்த முடிவு சுலபமானது, செலவும் இல்லாதது. ஆனால் அந்த அரங்கத்துக்கு வேண்டியிருந்தது இரண்டாவது வாசல், டிக்கெட் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு, படிக்கட்டில் பத்து தொண்டர்கள். 'வேண்டாம்' என்கிற ஒரு வார்த்தையால் இதில் எதுவும் கிடைக்காது. விழாவையே மூடினால் அது கல்லூரிக்கு வெளியே ஏதாவது கல்யாண மண்டபத்துக்குப் போகும். அங்கே கேட்பார் யார்?

நம் கதைக்கு வருகிறேன். போன கல்வி ஆண்டில் எங்கள் துறை மன்றத்தில் சில பேர் சேர்ந்து ஒரு சின்னக் கூட்டம் நடத்த நினைத்தோம். மைக் செட் கிடையாது, பந்தல் கிடையாது. ஒரு வகுப்பறை, ஒரு மணி நேரம். பேச அழைக்க நினைத்தது மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற ஒரு வயர்மேனை, எங்கள் ஊர்க்காரர். 2011 டிசம்பரில் தானே புயல் வந்து கடலூர், விழுப்புரம் பக்கமெல்லாம் கம்பங்கள் சாய்ந்து கிடந்தபோது, நாள் கணக்கில் வீட்டுக்கே வராமல் லைன் இழுத்தவர். எந்த லைனைத் தொடும் முன்பும் அவர் என்னென்ன பார்ப்பார் என்று கேட்டால் அரை மணி நேரம் சொல்வார். புத்தகத்தில் அது ஒன்றரைப் பக்கம்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது: 'சிறப்பு விருந்தினரின் கல்வித் தகுதி'. எட்டாம் வகுப்பு என்று எழுதினோம். அங்கே பிடித்தது சனி! "யாருப்பா இவர்? என்ன டெசிக்னேஷன்?" என்று ஒரு மேஜையில் கேட்டார்கள். அடுத்த மேஜையில் "ஒரு ஏ.இ. லெவல்ல யாராவது கூப்பிடக் கூடாதா?" என்றார்கள். காகிதம் பத்தொன்பது நாள் சுற்றியது. கடைசியில் வாய்வார்த்தையாக ஒரு பதில்: "அடுத்த செமஸ்டர் பார்க்கலாம்." மறுத்ததாகவும் இல்லை, கொடுத்ததாகவும் இல்லை. காரணம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டதற்கு, நாங்கள் ஏதோ வழக்குப் போட வந்த மாதிரிப் பார்த்தார்கள். அதே மாதம் ஒரு டூ வீலர் விற்கிற கடைக்காரர்கள் கேட் உள்ளே குடை போட்டு, பாட்டு வைத்து, இரண்டு நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் எந்தப் படிவம் நிரப்பினார்கள், தகுதிக் கட்டத்தில் என்ன எழுதினார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். (கோபம் கொஞ்சம் இருக்கிறதுதான்!) கேள்வி என்னவென்றால், எழுதி வைக்காத விதி யாருக்குச் சாதகம்? வீட்டில் அப்பாவோ சித்தப்பாவோ ஆபீஸில் வேலை செய்தால், எந்த நேரத்தில் யாரைப் பார்க்க வேண்டும், கடிதத்தில் 'பெறுநர்' என்று யாரைப் போட வேண்டும், 'த/பெ' எங்கே, 'வழி' எங்கே என்பதெல்லாம் பிள்ளைக்குத் தானாக வந்துவிடும். என் அப்பா விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறார். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். எனக்கு அதெல்லாம் யார் சொல்வார்கள்? ஆனால் ஒன்று சொல்கிறேன். கமிட்டியில் அன்றைக்கு மல்லாட்டை என்ன விலை போனது என்று போர்டில் எழுதிப் போட்டுவிடுவார்கள். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் இருக்கிறவர் படித்துச் சொல்வார். எழுதிப் போட்டதால்தானே படித்துச் சொல்ல முடிகிறது? விழா நடத்த என்ன விதி என்று நம் கல்லூரி போர்டில் எழுதிப் போட என்ன தடை?

எழுதினால் மட்டும் போதுமா? போதாது. எதைப் பற்றி எழுதுகிறோம் என்பதும் முக்கியம். 1964-இல் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இதே தகராறு. வளாக வாசலில் மேஜை போட்டு அரசியல் நோட்டீஸ் கொடுக்கக் கூடாது என்று நிர்வாகம் தடுத்தது. அக்டோபர் 1-ஆம் தேதி ஒருவரைக் கைது செய்து போலீஸ் காரில் ஏற்ற, மாணவர்கள் காரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். 32 மணி நேரம் கார் நகரவில்லை! டிசம்பர் 8-ஆம் தேதி அங்கிருந்த பேராசிரியர்கள் கூடி 824-க்கு 115 என்ற வாக்கில் ஒரு தீர்மானம் போட்டார்கள். கூட்டம் எந்த நேரம், எந்த இடம், எந்த முறையில் என்று பல்கலைக்கழகம் நியாயமாக ஒழுங்குபடுத்தலாம். என்ன பேசுகிறார்கள் என்பதில் கைவைக்கக் கூடாது. இந்தக் கோடு எனக்குப் பிடித்திருக்கிறது. வயர்மேன் எத்தனை மணிக்குப் பேச வேண்டும், எந்த அறையில், எத்தனை பேர் உட்காரலாம் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம். அவர் எத்தனாவது படித்தார் என்பது நேரமா, இடமா, முறையா?

எழுதிய விதி இருக்கிற இடத்திலும் சண்டை வரும், மறுக்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் 2015 மே மாதம் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தை நிர்வாகம் விலக்கியது. பெயர் இல்லாத ஒரு புகார் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்துக்குப் போய், அங்கிருந்து கடிதம் வந்த பிறகு நடந்தது அது. அனுமதி இல்லாமல் நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தினார்கள் என்பது நிர்வாகம் சொன்ன காரணம். தங்களைக் கேட்காமலே முடிவெடுத்தார்கள் என்பது மாணவர்கள் சொன்னது. ஜூன் 7-ஆம் தேதி அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. விதி எழுத்தில் இருந்ததால்தான் 'எந்த விதி, எந்த வரி' என்று அவர்களால் வாதாட முடிந்தது. "அடுத்த செமஸ்டர் பார்க்கலாம்" என்பதோடு எப்படி வாதாடுவது?

வெளியாட்கள் விஷயத்தில் பெரியவர்களுக்கு இருக்கிற பயமும் எனக்குப் புரிகிறது. 2024-இல் சென்னையில் அரசுப் பள்ளி ஒன்றில் ஊக்கப் பேச்சு என்று வந்தவர் முன்ஜென்ம பாவம், மறுபிறவி என்று பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து நேருக்கு நேர் கேள்வி கேட்டார். நாடே பேசியது. அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு விதி: யார் வந்து பேசினாலும் கடைசிக் கால் மணி நேரம் கேள்விக்கு. கோட் போட்டவரானாலும் சரி, எட்டாம் வகுப்பு படித்தவரானாலும் சரி.

இனி நம் பக்கம். நாம் மட்டும் யோக்கியமா? நூறு ரூபாய் வசூல் பண்ணிவிட்டு வரவு செலவு ஒட்டாமல் விடுகிற மன்றங்கள் உண்டு. அது எந்த மன்றம் என்று உங்களுக்கே தெரியும். வரவேற்பு பேனரில் ஊர்த் தலைவர் படம், சாதித் தலைவர் படம் எல்லாம் எதற்கு? நம் பகுதியில் அந்த ஒரு படம் போதும், சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கைகலப்பாக. பேனரே வேண்டாம் என்பேன். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் லாரியில் சிக்கி இறந்ததை மறக்கக் கூடாது. ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது என்று மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் 2000-லிருந்தே இருக்கின்றன. நமக்கு இரவு பத்து மணிப் பிரச்சினை இல்லை. பகலில் லேப் நடக்கும்போது 'சவுண்ட் செக்' பண்ணுகிற பிரச்சினைதான்.

மின்சார விஷயத்தில் நம் துறையே பொறுப்பெடுக்கலாம். மேடைக்கு ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கு ஆறு போட்டால் 26 ஆம்பியர் இழுக்கும். அதை வகுப்பறைப் பிளக்கில் சொருகுகிறார்கள், நான் பார்த்தேன். ஒயரைத் தொட்டால் இட்லிப் பானை மாதிரிச் சுடுகிறது. தனி லைன், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., ஒழுங்கான எர்த். இதை மூன்றாம் ஆண்டு மாணவர் இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, ஆசிரியர் ஒருவர் மேலொப்பம் இட வேண்டும். இது இல்லாமல் மேடைக்குக் கரண்ட் கிடையாது என்று ஒரு விதி போடுங்கள். முதல் ஆளாக நான் கை தூக்குகிறேன்.

விதிகளை எழுதும்போது மாணவர் யார் இருப்பார்கள் என்பது ஒரு சிக்கல். லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. வேட்பாளர் செலவு 5000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, அச்சடித்த போஸ்டர் கூடாது, 75 சதவீத வருகை வேண்டும் என்பதெல்லாம் அதில்தான். தேர்தல் நடத்தும் சூழ்நிலை இல்லாத இடத்தில் நியமனம் செய்யலாம், ஆனால் அது இடைக்கால ஏற்பாடு என்றும் அதிலேயே இருக்கிறது. நம் வகுப்புப் பிரதிநிதிகளை ஆசிரியர்கள் பெயர் சொல்லி நிறுத்துகிறார்கள். நல்ல பையன்கள்தான், என் நண்பர்கள்தான். இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரே ஒரு தாள் போதும். தமிழில், அலுவலக வாசலில். விண்ணப்பம் யாரிடம் கொடுக்க வேண்டும், கொடுத்த அன்றே தேதி முத்திரை, ஏழு வேலை நாளில் பதில், மறுத்தால் காரணம் எழுத்தில், மேல்முறையீடு முதல்வரிடம். எந்த அறையில் எத்தனை பேர், எத்தனை வாசல் திறந்திருக்கும். வசூல் கணக்கு பத்து நாளில் அதே போர்டில். கடைக்காரர்களுக்கும் அதே தாள், அதே முத்திரை.

அந்தத் தாளில் முடிகிற நேரத்தையும் எழுதச் சொல்வேன். இப்போது விழாக்கள் நாலரைக்குத் தொடங்கி ஏழு மணி வரை இழுக்கின்றன. ஹாஸ்டல்காரர்களுக்கும் டவுனில் இருக்கிறவர்களுக்கும் பரவாயில்லை. திண்டிவனத்தில் இறங்கி மரக்காணம் பஸ் பிடிக்க வேண்டியவர்கள், செஞ்சி பக்கம் டவுன் பஸ் மாறுகிறவர்கள், அதிலும் நம் சகோதரிகள், பரிசளிப்புக்கு முன்பே பையை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். போன வருஷம் கோலப்போட்டியில் முதல் பரிசு வாங்கியவர் மேடைக்கு வரவில்லை. மறுநாள் லேபில் வைத்துக் கொடுத்தார்கள். மதியம் இரண்டுக்குத் தொடங்கி நாலேகாலுக்கு முடித்துவிடலாம், வாழ்த்துரையை மூன்று பேரோடு நிறுத்தினால்.