நுண்துகள் மருந்து யார் சொத்து?

நோய்க் கிருமிகளை எதிர்த்துப் போராட நம் உடம்பில் ஒரு காவல் படை உண்டு. ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்களே அந்தப் படை. சிலருக்கு அது வழி தவறிச் சொந்த உடம்பின் மீதே பாய்கிறது. மூட்டைத் தாக்கினால் முடக்குவாதம். கணையத்தைத் தாக்கினால் சிறுவயதிலேயே நீரிழிவு. நரம்பின் உறையைத் தாக்கினால் கை கால் விழுந்துபோகிறது.

இது பணக்கார வீட்டு நோய் என்று ஆலைத் தோழர்கள் எண்ண வேண்டாம். மலேசியாவில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 2016-ல் வெளிவந்தது. ஜவுளித் தூசியில் வேலை செய்த பெண்களுக்கு முடக்குவாதம் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று அது கண்டது. ஆகவே, இந்த வகை நோய்களுக்கு என்ன மருந்து வருகிறது, அது யார் கைக்குப் போகிறது என்பது நம் விவகாரம்.

இன்றுள்ள மருந்துகளில் பெரும்பாலானவை படை முழுவதையும் அடக்குகின்றன. ஒரு வீட்டில் சண்டை என்றால் ஊருக்கே ஊரடங்கு போடுவது போல! மூட்டு வலி குறையும். அடங்கிக் கிடந்த காசநோய் தலைதூக்கும்.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக விஞ்ஞானி ஸ்டீபன் மில்லரும் அவருடைய சகாக்களும் வேறு வழி கண்டார்கள். காயம் தைத்த பின் தானே கரையும் நூல் இருக்கிறதே, அந்தப் பொருளில் மயிரிழையின் பருமனில் நூற்றில் ஒரு பங்கே வரும் துகள்களைச் செய்தார்கள். எதைக் கண்டு படை தவறாகச் சீறுகிறதோ, அதையே துகளில் ஏற்றி ரத்தத்தில் விட்டார்கள். மண்ணீரலும் கல்லீரலும் செத்த அணுக்களைக் குப்பை போல நாள்தோறும் அள்ளுகின்றன. துகளையும் அப்படியே அள்ளி, 'இது எதிரியல்ல, விட்டுவிடு' என்று படைக்குச் சேதி சொல்லுகின்றன. படையின் மற்றப் பலம் குறைவதில்லை. 2012-ல் எலிகளின் நரம்பு நோய் இப்படித் தணிந்தது. பிறகு, கோதுமைப் புரதத்தால் குடல் சிதையும் சீலியாக் நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2 முறை மருந்து ஏற்றி, 14 நாள் அந்தப் புரதத்தைத் தின்னக் கொடுத்தார்கள். ரத்தத்தின் சீற்றம் வெகுவாகக் குறைந்திருந்தது. 2021-ல் வெளியான முடிவு இது. முப்பத்துச் சொச்சம் பேரின் சோதனைதான்; கடைக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது.

எலி ஆராய்ச்சிக்குப் பணம் போட்டது யார்? அமெரிக்க மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் தேசிய சுகாதார நிறுவனமும், நோயாளிகளுக்காக நன்கொடை திரட்டும் சங்கங்களும். சீலியாக் மருந்தின் உரிமையையோ 2019-ல் ஜப்பானின் டகேடா கம்பெனி எடுத்துக்கொண்டது. கம்பெனியும் செலவு செய்தது, மறுக்கவில்லை. ஆனால் விதைத்தவனுக்குக் களத்தில் பங்கில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

விஞ்ஞானியின் நல்ல மனம் மட்டும் போதாது. இன்சுலினைக் கண்டவர்கள் 1923-ல் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்கு டொரான்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். இன்று உலக இன்சுலின் சந்தையின் பெரும்பகுதி மூன்று கம்பெனிகளின் பிடியில்!

நம் நாட்டுச் சட்டத்தில் கட்டாய லைசென்ஸ் என்ற ஆயுதம் இருக்கிறது. பேயர் கம்பெனியின் புற்றுநோய் மருந்து ஒன்றை ஹைதராபாத் நாட்கோ கம்பெனி செய்து விற்கலாம் என்று 2012 மார்ச்சில் காப்புரிமை அதிகாரி உத்தரவிட்டார். மாதம் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் விற்ற மருந்தை 8,880 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்றார். பேயர் கோர்ட் படியேறியது. 2014-ல் சுப்ரீம் கோர்ட்டும் தலையிட மறுத்தது. துகள் மருந்து வரும் நாளில் இந்த ஆயுதம் சர்க்கார் பீரோவில் துருப்பிடித்துக் கிடக்கக் கூடாது என்று யூனியன் கூட்டங்களிலும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டங்களிலும் இப்போதே தீர்மானம் போட்டு டில்லிக்கு அனுப்புவோம்.